படகு விபத்தில் காயமடைந்தால்: சட்ட உதவி பெறும் வழிகளும் தவறவிடக்கூடாத கால எல்லைகளும்

ஏப்ரல் வசந்த காலம், பாடசாலை விடுமுறை, பெருநாள் விடுமுறை என்று எது வந்தாலும் நுவரெலியாவை நோக்கி வாகனங்கள் வரிசையாக ஏறத் தொடங்கிவிடும். கிழக்கிலிருந்தும் புத்தளம், கொழும்பு, கண்டிப் பகுதிகளிலிருந்தும் வரும் முஸ்லிம் குடும்பங்கள் கிரகரி வாவியைப் பார்க்காமல் திரும்புவது அரிது. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட அந்த வாவியில் இன்று மிதிபடகும் இயந்திரப் படகும் ஓடுகின்றன. ஹட்டன் பக்கம் போனால் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள். மின்சாரத்துக்காக 1960களில் கட்டப்பட்ட இவற்றின் கரைகளைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். உல்லாசத்துக்குப் படகேறுபவர்களும் இருக்கிறார்கள்; அக்கரைக்குப் போக வேண்டிய தேவைக்காகத் தண்ணீரைக் கடப்பவர்களும் இருக்கிறார்கள்.

படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை நாம் முன்கூட்டி யோசிப்பதில்லை. கவிழ்ந்த பிறகு யோசிக்க நிதானம் இருப்பதில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நமது சமூகம் மறந்திருக்காது. பாலம் கட்டும் பணி நடந்துகொண்டிருந்ததால் மக்கள் இழுவைப் படகை நம்பியிருந்தார்கள். காலையில் பாடசாலைப் பிள்ளைகளோடு சென்ற அந்தப் படகு கவிழ்ந்தது. அன்றே 6 பேர் உயிரிழந்தனர். பின்னர் அந்த எண்ணிக்கை கூடியது. படகுச் சேவையை நடத்தியவர்கள் கைதானார்கள். அப்போதைய நகர சபைத் தவிசாளரும் கைது செய்யப்பட்டு நீதிமன்றத்தில் முன்னிறுத்தப்பட்டார். யார் அனுமதி கொடுத்தது, யார் பரிசோதித்தது, பாலம் முடியும் வரை மாற்றுவழி செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்விகள் நாடு முழுவதும் எழுந்தன.

அந்தக் கேள்விகளே நட்டஈட்டு வழக்கின் அடிப்படையும் ஆகும். ஆனால் பத்திரிகையில் எழும் கேள்வி நீதிமன்றத்தில் வழக்காக மாற, பாதிக்கப்பட்டவர் உரிய காலத்துக்குள் சில காரியங்களைச் செய்திருக்க வேண்டும். மலையகத்தை மனதில் வைத்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

உயிர்தான் முதலில். 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வாவித் தண்ணீர் குளிர்ந்தது. தண்ணீரில் மூழ்கி எழுந்தவர் பேசுகிறார், நடக்கிறார் என்பதற்காக ஹோட்டல் அறைக்கு அழைத்துச் சென்றுவிடக் கூடாது. நுரையீரலுக்குள் தண்ணீர் சென்றிருந்தால் மூச்சுத்திணறல் சில மணித்தியாலங்கள் கழித்தும் வரலாம். நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை, டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலையில் காட்டுவதால் சட்டரீதியான பயனும் உண்டு. விபத்தில் காயமடைந்தவர் என்று பதிவாகி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை அறிக்கைக்கு அங்கே வழி பிறக்கும். தனியார் மருத்துவ நிலையத்தில் மருந்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவருக்கு, இந்தக் காயம் அந்த விபத்தினால்தான் ஏற்பட்டது என்று பின்னர் நிரூபிப்பது கடினமாகிவிடும். வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, பொலிஸ் முறைப்பாடு. விபத்து நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கரைப்பற்றுக்கோ மூதூருக்கோ திரும்பிவிட்டால், சாட்சிகளும் கலைந்துவிடுவார்கள், படகும் திருத்தப்பட்டுவிடும். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின் மொழி பற்றிய அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை வாசித்து விளங்காமல் ஒப்பமிட வேண்டாம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அந்நேரம் இல்லையென்றால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். “எவர் மீதும் குறை இல்லை” என்ற ஒரு வரி உங்கள் வாக்குமூலத்தில் நுழைந்துவிட்டால், பின்னர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் அந்த வரியைத்தான் எடுத்துக்காட்டுவார். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆதாரம். பயணச்சீட்டு, படகின் இலக்கம் அல்லது பெயர், உயிர்காப்பு அங்கி கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதைக் காட்டும் படங்கள், படகில் எத்தனை பேர் ஏற்றப்பட்டார்கள், உடன் இருந்தவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். படகேறும் முன் பிள்ளைகள் எடுத்த செல்பிகூட உயிர்காப்பு அங்கி இல்லை என்பதற்குச் சாட்சியாகலாம். நனைந்த தொலைபேசியை வீசிவிடாதீர்கள்.

“சொந்தப் பொறுப்பில் ஏறவும்” என்ற அறிவித்தல்

படகுத்துறைகளிலும் பயணச்சீட்டின் பின்பக்கத்திலும் இப்படியொரு வாசகம் இருப்பதைக் காண்கிறோம். அதை வாசித்தவுடன் பலர் வழக்குப் போட முடியாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டத்தின்படி, தொழில் நடத்துபவர் தமது கவனயீனத்தால் ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஓர் அறிவித்தலாலோ நிபந்தனையாலோ தட்டிக்கழிக்க முடியாது. பொருள் தொலைந்தால் பொறுப்பல்ல என்பது வேறு விடயம். ஆள் காயப்பட்டால் பொறுப்பல்ல என்று பலகை மாட்டித் தப்ப முடியாது.

“நீங்கள் உயிர்காப்பு அங்கி அணியவில்லையே” என்ற வாதமும் வரும். அங்கி கொடுக்கப்பட்டும் நீங்கள் மறுத்திருந்தால் உங்கள் பக்கத்திலும் ஓரளவு தவறு இருக்கலாம். ஆனால் பங்களிப்புக் கவனயீனம் பற்றிய 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரின் பங்குத் தவறுக்கு ஏற்ப நட்டஈடு குறைக்கப்படுமே தவிர வழக்கு முற்றாக விழுந்துவிடாது. அங்கியே கொடுக்காதவர் இந்த வாதத்தை எழுப்பவே முடியாது.

வைத்தியசாலைக் கட்டிலருகே வரும் சமாதானம்

விபத்து நடந்த மறுநாளே படகு உரிமையாளர் தரப்பிலிருந்து யாராவது பழங்களோடும் ஒரு தொகைப் பணத்தோடும் வருவார்கள். மனிதாபிமானத்தோடு வருபவரும் இருப்பார். பணத்தை வாங்குவது குற்றமல்ல. ஆனால் அதோடு ஒரு தாளும் நீட்டப்பட்டால் நிதானியுங்கள். முழுமையான தீர்வாக ஏற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தால், உங்கள் சிகிச்சை எவ்வளவு காலம் நீடிக்கும் என்று தெரியாத நிலையில் அதில் ஒப்பமிடுவது உங்கள் வழக்கையே விற்பதற்குச் சமம். செலவுக்கான உதவியாகப் பெற்றேன் என்று மட்டும் எழுதிக் கொடுக்கலாம்.

மன்னிப்பது உயர்ந்த குணம். அல்லாஹ்வின் நாட்டம் என்று பொறுமை கொள்வதும் நமது நம்பிக்கையின் பகுதி. ஆனால் பொறுமை வேறு, உரிமையைக் கைவிடுவது வேறு. உழைத்துக்கொண்டிருந்த ஒருவர் முடங்கினால் அவருடைய பிள்ளைகளின் பங்கும் அதில் இருக்கிறது. அவர்களுக்குச் சேர வேண்டியதைப் பள்ளிவாசலில் வைத்து நாலு பேர் பேசி விட்டுக்கொடுத்துவிட முடியாது. மன்னிப்பதாக இருந்தாலும் இழப்பின் அளவு தெரிந்த பிறகு மன்னியுங்கள்.

உயிரிழப்பு நேர்ந்தால்

ஜனாஸாவைத் தாமதமின்றி அடக்கம் செய்ய வேண்டும் என்ற கவலையில், பிரேதப் பரிசோதனை வேண்டாம், எவர் மீதும் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த உணர்வு புரிந்துகொள்ளக்கூடியது. என்றாலும் விபத்து மரணத்தில் திடீர் மரண விசாரணை சட்டப்படி நடக்க வேண்டியது. சமய நிலையை எடுத்துச் சொல்லி விரைவுபடுத்தும்படி கேட்பதே சரியான வழி. உள்ளூர்ப் பள்ளிவாசல் நிருவாகம் இதில் உதவ முடியும். விசாரணையில் சாட்சி சொல்லும்போது சந்தேகம் இல்லை என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். கொலை என்ற சந்தேகம் இல்லாதிருக்கலாம். படகு பழுதடைந்திருந்தது, அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றினார்கள் என்பது உண்மையாக இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முன்பு நமது சட்டத்தில், இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்கள் இழந்த வருமானத்தையே பெரும்பாலும் கோர முடிந்தது. வருமானமில்லாத ஒரு குழந்தை இறந்தால் பெற்றோருக்குப் பெறுவதற்கு மிகக் குறைவாகவே இருந்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. ஒருவரின் கவனயீனத்தால் நேர்ந்த மரணத்துக்காக, குடும்பத்தார் அன்பையும் துணையையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் நட்டஈடு கோர அது வழி செய்தது. இந்தச் சட்டம் பற்றி நம் ஊர்களில் போதிய அறிவு இல்லை. சட்டத்தரணியிடம் போகும்போது இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

யார் பொறுப்பு?

படகை ஓட்டியவர், படகின் உரிமையாளர், படகுச் சேவையைக் குத்தகைக்கு எடுத்தவர், அனுமதிப்பத்திரம் கொடுத்த உள்ளூராட்சி சபை, பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனம் அல்லது பாடசாலை என்று பலர் இதில் வரலாம். ஓட்டியவர் கூலிக்கு வேலை செய்யும் தோட்டத்து இளைஞராக இருப்பார். அவரிடம் நட்டஈடு கொடுக்க எதுவும் இருக்காது. வேலைக்கு அமர்த்தியவர், தமது ஊழியர் வேலையின்போது செய்த தவறுக்குப் பொறுப்பாவார். எனவே முழுச் சங்கிலியையும் கண்டுபிடிப்பது அவசியம்.

மற்றொன்றையும் கவனியுங்கள். வீதியில் ஓடும் வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. காயப்பட்டவருக்குக் காப்புறுதிக் கம்பனி ஒன்று பின்னால் நிற்கும். படகுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே படகுக்குக் காப்புறுதி இருந்ததா, அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் உள்ளது, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்பவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய சபையிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானம் சொல்ல வேண்டும்.

அயலில் நடந்தவற்றைப் பார்த்தாலும் இது விளங்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 2023 மே 7ஆம் திகதி உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். விசாரணை உரிமையாளரோடு நிற்காமல் துறைமுக அதிகாரிகளையும் எட்டியது. குஜராத்தின் வதோதராவில் 2024 ஜனவரி 18ஆம் திகதி பாடசாலைச் சுற்றுலா சென்ற 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் ஏரியில் இறந்தனர். மாநகராட்சி தனியாருக்குக் கொடுத்திருந்த ஏரி அது. உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்தது. இரண்டிலும், படகைத் தண்ணீரில் இறக்க அனுமதித்தவர்கள் யார் என்ற கேள்வி ஓட்டுநரைத் தாண்டிச் சென்றது.

கால எல்லைகள்: அதிகம் பேர் தோற்பது இங்கேதான்

சாதாரணமாக, உடற்காயத்துக்கான நட்டஈட்டு வழக்கு 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்த எல்லை இது. காயமடைந்தவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் அந்தக் காலம் அவருக்கு எதிராக ஓடாது என்ற சலுகை உண்டு. ஆனால் அதை நம்பிக் காத்திருந்தால் சாட்சிகள் காத்திருக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்பு ஓர் உள்ளூராட்சி சபை என்றால் கணக்கு வேறு. நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றுக்கான சட்டங்களின்படி, ஒரு மாதகால எழுத்து மூல முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு, 6 மாதங்களுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும். அரசுக்கு எதிராக, அதாவது சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி வழக்குப் போடுவதற்கும், உத்தியோகக் கடமை தொடர்பாக அரச உத்தியோகத்தர் மீது வழக்குப் போடுவதற்கும் முன் ஒரு மாத அறிவித்தல் தேவை.

அதிகாரிகளின் செயலாலோ செயலின்மையாலோ அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் செல்வதற்கு இருப்பது ஒரே ஒரு மாதம். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேர்க்கப்படாது.

குறிஞ்சாக்கேணித் திகதியை உதாரணமாக வைத்துப் பாருங்கள். 2021 நவம்பர் 23 அன்று நடந்ததற்கு, அடிப்படை உரிமை மனுவின் எல்லை அந்த டிசம்பரிலேயே வந்துவிட்டது. சபைக்கு எதிரான வழக்கின் எல்லை 2022 மே மாதம். மற்றவர்களுக்கு எதிரான வழக்கின் எல்லை 2023 நவம்பர். முதல் எல்லை வரும்போது துக்கம் விசாரிக்க வருபவர்களின் கூட்டம்கூட முழுமையாகக் குறைந்திருக்காது. அதனால்தான் முதல் வாரத்திலேயே குடும்பத்தில் ஒருவராவது சட்டத்தரணியைச் சந்திக்க வேண்டும் என்கிறோம்.

குற்றவியல் வழக்கும் சிவில் வழக்கும்

பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டார்களே, இனி நமக்கு நட்டஈடு கிடைத்துவிடும் என்று இருந்துவிடுவது பெரும் தவறு. படகை அசட்டையாகச் செலுத்துவதும், பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய படகில் கூலிக்கு ஆட்களை ஏற்றுவதும், கவனயீனத்தால் மரணம் விளைவிப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றங்கள். குற்றவாளியாகக் காணப்பட்டவரை நட்டஈடு செலுத்தும்படி நீதவான் கட்டளையிடலாம். ஆனால் அந்தத் தொகை உங்கள் முழு இழப்பையும் ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த வழக்கு முடியும்வரை உங்கள் 2 ஆண்டுக் கணக்கும் நிற்காது.

முழு நட்டஈடு மாவட்ட நீதிமன்றத்தில் போடும் தனி வழக்கில்தான். வைத்தியச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், அனுபவித்த வலி, நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு அங்கே கோரலாம். வழக்கைச் சம்பவம் நடந்த இடத்து நீதிமன்றத்திலோ பிரதிவாதி வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலோ போட வேண்டும். நீங்கள் சம்மாந்துறையில் வசித்தாலும் வழக்கு நுவரெலியாவிலோ ஹட்டனிலோ நடக்க நேரிடும். சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கலாம். காயமடைந்தவர் மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்தவர் என்றால், திரும்பிப் போகும் முன் குடும்பத்தில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுத்து, அங்குள்ள சம்பளத்துக்கான ஆவணங்களையும் விட்டுச் செல்ல வேண்டும்.

தோட்டத் தொழிலாளி என்றால் சம்பளச் சீட்டுகள் வருமானத்துக்கு ஆதாரம். கடையில் நிற்பவருக்குச் சீட்டு இருக்காது; முதலாளியிடம் கடிதமும் வங்கிப் பதிவும் பெறுங்கள். வேலையின் நிமித்தம் படகில் சென்று காயமடைந்தவர் தொழில் வழங்குநரிடமிருந்து தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் கோரலாம். வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளடக்க 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளை என்றால் சுரக்ஷா காப்புறுதி பற்றி அதிபரிடம் விசாரியுங்கள்.

பணமில்லாதவருக்கு யார் உதவுவார்?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இதற்காகவே இருக்கிறது. நீதிமன்றங்களை அண்டி அதன் நிலையங்கள் நாடெங்கும் இயங்குகின்றன. குறித்த வருமான எல்லைக்கு உட்பட்டவருக்கு அது சட்டத்தரணியை அமர்த்தி வழக்கை நடத்திக் கொடுக்கும். தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரிடம் பெற்ற வருமானச் சான்று, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, நோய் நிர்ணய அட்டை ஆகியவற்றோடு போங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்துக்கே முதலில் சென்று, மலையகத்தில் நடக்க வேண்டிய வழக்குக்கு எப்படி ஏற்பாடு செய்வது என்று கேட்கலாம்.

குற்றச்செயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் பாதுகாப்புத் தருகிறது. சாட்சி சொல்ல வேண்டாம் என்று மிரட்டல் வந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தனிப்பட்ட சட்டத்தரணியை அமர்த்துவதாயின் கட்டணத்தை முதலிலேயே பேசி, கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வைத்தியசாலை வாசலிலும் நீதிமன்ற வாசலிலும் நின்று, “நான் எடுத்துத் தருகிறேன்” என்று வரும் தரகர்களை விட்டு விலகுங்கள்.

நமது நிறுவனங்கள் செய்யக்கூடியது

சுற்றுலா செல்லும் மத்ரஸாக்களும் பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் படகேறும் முன் மூன்று கேள்விகளைக் கேட்பதை வழக்கமாக்க வேண்டும்: அனுமதிப்பத்திரம் எங்கே, ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி உண்டா, இந்தப் படகில் ஏற்றக்கூடியவர்கள் எத்தனை பேர். பதில் திருப்தியில்லையென்றால் கரையிலேயே நின்று வாவியைப் பார்த்துவிட்டு வருவதில் எந்தக் குறையும் இல்லை.

அதேபோல ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களின் பள்ளிவாசல் நிருவாகங்கள், அங்கு தமிழில் பேசக்கூடிய இரண்டு மூன்று சட்டத்தரணிகளின் விபரத்தையும் சட்ட உதவி நிலையத்தின் முகவரியையும் அறிவித்தல் பலகையில் ஒட்டி வைக்கலாம். தூரத்து ஊரிலிருந்து வந்து விபத்தில் சிக்கிய குடும்பம் முதலில் தேடுவது பள்ளிவாசலைத்தான். அங்கே சாப்பாடும் தங்குமிடமும் நிச்சயம் கிடைக்கும்; அந்த நம்பிக்கை நமக்கு உண்டு. அதோடு எந்தத் திகதிக்குள் யாரைச் சந்திக்க வேண்டும் என்ற வழிகாட்டலும் கிடைத்தால், அந்தக் குடும்பத்தின் பல ஆண்டுத் துன்பத்தை அது குறைக்கும்.